எட்டை எவனும் தொடமாட்டான்

நீங்களே சொல்லுங்க தம்பி. கையில ரெண்டு ராஜா வந்தா மனுசன் என்ன பண்ணுவான்? மடிச்சு வெச்சுட்டு, ஒரு கும்பிடு போட்டுட்டு எந்திரிச்சுப் போவானா? போவானாங்க? சும்மா தலையாட்டாதீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க.

சீட்டே தெரியாதுங்களா? அது சரி. சித்தெ தள்ளி உக்காருங்க, இந்தப் பை எடஞ்சலா இருக்குது. பெருந்துறை வந்துச்சுன்னா கூட்டம் எறங்கீரும். நீங்க சேலம்தானுங்களே? நானும் சேலம்தான். அங்கிருந்து ஓசூருக்கு வேற பஸ் புடிக்கோணும். மக வீட்டுக்கு. கூப்பிட்டிருக்கறா. கூப்பிட்டிருக்கறான்னா, நான் போன் பண்ணி வரட்டுமான்னு கேட்டேன், வாங்கப்பான்னா. அது கூப்பிட்டதுதானுங்களே.

என் பேரு தெய்வசிகாமணிங்க. ஊரு உடுமலை. அங்க வந்து செகரட்டரி வீடு எதுன்னு கேளுங்க, பச்சக் கொழந்தை கூடக் கையக் காட்டும். காட்டும்னா, போன மாசம் வரைக்கும் காட்டும். இப்பக் கேட்டீங்கன்னா மாட்டு மருந்துக் கடையக் காட்டும். அந்தக் கதையத்தான் உங்ககிட்டச் சொல்றேன். நாயம் எந்தப் பக்கம்னு நீங்களே பாத்துக்குங்க.

எங்க ஊர்ல கதிரொளி மனமகிழ் மன்றம்னு ஒன்னு இருக்குதுங்க. மனமகிழ் மன்றம்னதும் பாட்டிலு, பணங்கட்டிச் சீட்டுன்னு நினைச்சுக்காதீங்க. அந்தக் கருமமெல்லாம் நம்மகிட்ட நடக்காது. பேப்பர் படிக்கலாம், கேரம் ஆடலாம், டிவி பாக்கலாம், காசில்லாமச் சீட்டாடலாம். அதுக்கு நாந்தான் செகரட்டரி. எத்தனை வருசம்னு எனக்கே மறந்து போச்சு. போட்டியே கெடையாது. பொதுக்குழு கூடும், "செகரட்டரிக்கு யாரு?"ன்னு தலைவரு கேப்பாரு, எல்லாரும் போண்டாவப் பாத்துட்டு இருப்பாங்க, நான் எந்திரிச்சு நன்றி சொல்லீருவேன். அவ்வளவுதான் தேர்தலு.

எனக்குக் கடை ஒன்னு இருந்துச்சுங்க. பெயின்ட் கடை. இப்பவும் இருக்குது, பையன் பாக்கறான். கம்ப்யூட்டர்ல கலரு கலக்கற மிசினு ஒன்னு வாங்கி வெச்சான். ஒரு நாளு அவன் இல்லாத நேரத்துல நான் அதுல கை வெச்சேன். வெளிர்மஞ்சக் கேட்ட ஆளுக்கு என்னமோ ஒரு கலரு வந்துருச்சு. டப்பாவத் தொறந்து பாக்க வேண்டாமா அந்த மனுசன்? சொவரு முழுக்க அடிச்சு முடிச்சுட்டு வந்து கத்தறான். அது அவன் தப்பு. அன்னையிலிருந்து என்ற பையன், "அப்பா, நீங்க ஒழைச்சது போதும், வீட்ல ரெஸ்ட் எடுங்க"ன்னுட்டான். பாசக்காரப் பையன்.

ஆனா தம்பி, வீட்ல என்னத்தங்க ரெஸ்ட் எடுக்கறது? காலைல எந்திரிச்சா மனுசனுக்குப் போறதுக்குன்னு ஒரு எடம் வேணுமுங்க. குளிச்சு, வெள்ளச்சட்டை போட்டு, சாவிக்கொத்த எடுத்து இடுப்புல சொருகிட்டு, "வசந்தாமணி, போயிட்டு வாரேன்"னு என்ற சம்சாரத்துகிட்டச் சொல்லோணும். "சீக்கிரம் வந்துருங்க"ன்னு அவ சொல்லோணும். சொல்ல மாட்டா, ஆனாச் சொல்லோணும். மன்றத்துக்குள்ள கால வெச்சதும் நாலு பேரு "வாங்க செகரட்டரி"ங்கோணும். அதுதானுங்க எனக்கு உசுரு. வேற ஒன்னும் நான் கேக்கலை.

அந்த உசுருக்குத்தான் ஒலை வெச்சாங்க.

என்ன கொறைன்னு கேப்பீங்க. நானும் அதைத்தான் கேக்கறேன். மன்றத்துல சில ஒழுக்கம் கொண்டு வந்தேன், அவ்வளவுதான். நாலு பேருக்குக் கொறைஞ்சா ஃபேன் போடக் கூடாது. டிவி ரிமோட்டு என்ற சட்டைப் பையில இருக்கும், கிரிக்கெட் பாக்கோணும்னா எழுதிக் கேக்கோணும். கேரம் ஸ்ட்ரைக்கர நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவேன், காணாமப் போகக் கூடாதில்லீங்களா? பேரன் அதை வெச்சு வெளையாடித் தொலைச்சுட்டான், அது வேற விசயம். ஞாயித்துக்கெழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் பேசுவேன். பொதுவா, நாட்டு நடப்பு, வயசுப் பசங்க போற போக்கு, இப்படி. அதக் கேக்கறதுக்குன்னே ஆளுக உக்காந்திருப்பாங்க. ஒருத்தர் எந்திரிச்சுப் போனதில்ல. கதவ நான் பேசி முடிச்சப்பறம்தான் தொறக்கறது.

இதுக்குப் போயி ஒரு கோஷ்டி கெளம்புச்சு. செகரட்டரிய மாத்தோணுமாமா. மாத்தறதுக்கு யாரக் கொண்டாந்து நிறுத்துனாங்கங்கறீங்க? திருமூர்த்திய! மாட்டு மருந்துக் கடை வெச்சிருக்கறவன். என்னைய விடப் பத்து வயசு கம்மி. எப்பப் பாத்தாலும் வாயில கொழுக்கட்டைய வெச்சவனாட்டம் இருப்பான். எருமைக்கு வயித்தால புடுங்குதுன்னு எவனாச்சும் அலறிட்டு ஓடி வந்தாலும், முழுசாக் கேட்டுட்டு, பாட்டில எடுத்துக் குடுத்துட்டு, மறுபடியும் உக்காந்துக்குவான். ஒரு வார்த்தை பேச மாட்டான். என்னைய மட்டும் "ங்ணா, ங்ணா"ம்பான்.

அவனே தேர்தலுக்கு முன்னால வீட்டுக்கு வந்தானுங்க. "ங்ணா, எனக்கு இதுல இஷ்டமே இல்லீங்ணா. புடிச்சு நிறுத்தீட்டாங்க. மனசுல ஒன்னும் வெச்சுக்காதீங்க"ன்னான். நான் சிரிச்சுட்டேன். இஷ்டமில்லாதவன் எவனாச்சும் தேர்தல்ல நிப்பானா தம்பி? எத்தனை தேர்தலப் பாத்திருக்கறோம்.

ஓட்டு எண்ணுனாங்க. ரெண்டு பேருக்கும் சமம். சமமா வந்தாத் திருவுளச்சீட்டுன்னு மன்றத்து விதியில போட்டிருக்குது. பேர எழுதி, சுருட்டி, ஒரு டப்பாவுல போட்டுக் குலுக்கி எடுக்கறது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! சீட்டாடற மன்றத்துக்கு ஒரு செகரட்டரிய, டப்பாவுக்குள்ள கைய விட்டா எடுப்பாங்க? "ஆடிப் பாத்துருவோம், ஜெயிக்கறவன் செகரட்டரி"ன்னு கூட்டத்துல ஒரு குரலு வந்துச்சு. யாருதுன்னு எனக்கு ஞாபகமில்லை. என்றதுன்னு சொல்றாங்க.

என்ன ஆட்டம்னா, போக்கரு. நாங்கெல்லாம் ரம்மிக் கூட்டம்தானுங்க. போக்கரக் கொண்டாந்தது பல் டாக்டரு அருள்மொழி. வெளிநாட்டுல பல்லுக்குப் படிக்கப் போனவரு, இதையும் சேத்துப் படிச்சுட்டு வந்துட்டாரு. ஆட்டம் லேசுதான். கையில ஆளுக்கு ரெண்டு சீட்டு, அத மத்தவன் பாக்கக் கூடாது. தரையில, அதாவது நடுவுல, அஞ்சு சீட்டு, அது எல்லாத்துக்கும் பொது. மொதல்ல மூணு விரிப்பாங்க, அப்பறம் ஒன்னு, அப்பறம் ஒன்னு. கையில இருக்கறதையும் தரையில இருக்கறதையும் சேத்து எவனுக்குப் பெருசோ அவன் ஜெயிச்சான். ஒரு ஜோடிய ரெண்டு ஜோடி தின்னும். ரெண்டு ஜோடிய, ஒரே மாதிரி மூணு சீட்டு தின்னும். ஒவ்வொரு தடவ சீட்டு விழறப்பவும் பந்தயம் கட்டோணும். பயமா இருந்தா மடிச்சு வெச்சுரலாம். காசுக்குப் பதிலு எங்களுக்குக் கேரம் காய்தான். ஸ்ட்ரைக்கர் இல்லாம அது சும்மாத்தானே கெடந்துச்சு.

டாக்டரு எங்களுக்கு ஒன்னு சொல்லிக் குடுத்தாரு. இத நல்லாக் கேட்டுக்குங்க. கையில ரெண்டு ராஜாவோ ரெண்டு ஆஸோ வந்தா எவனுக்கும் தலைகால் புரியாது. ஆனாத் தரையில ஒரு ஜோடி விழுந்துச்சு, ரெண்டு ஆறுன்னு வெச்சுக்குங்க, அப்ப அடங்கோணும். எதிராளி கையில இன்னொரு ஆறு இருந்தா அவனுக்கு மூணு ஆச்சு, உங்க ராஜா ரெண்டும் தண்டம். "அதுலயும் நேருக்கு நேரு உக்காந்து ஆடறப்ப, எப்பவும் கம்முனு இருக்கற ஆளு தானா வந்து காய ஏத்தி வெச்சான்னா, சத்தியமா வெச்சிருக்கான்னு அர்த்தம். யோசிக்காம மடிச்சிருங்க"ன்னாரு.

டாக்டர் மேல எனக்கு மரியாதை உண்டுங்க. என்ற கடவாப்பல்லப் புடுங்குனதே அவருதான். பக்கத்துப் பல்லையும் சேத்துப் புடுங்கீட்டாரு, அப்பவும் மரியாதை உண்டு. ஆனா அவரு படிச்சதெல்லாம் வெளிநாட்டுப் பாடம். நம்மூருக்குன்னு ஒரு கணக்கு இருக்குதில்லீங்களா? அத எந்தப் பொஸ்தகத்துல போட்டிருக்கான்?

நான் உக்காந்து யோசிச்சேன். எட்டு. எட்டுன்னா நம்மூர்ல என்னங்க? சனி! வண்டி நம்பரக் கூட்டி எட்டு வந்துச்சுன்னா, வண்டி வாங்குன சந்தோசமே போயி சொந்தக்காரன் செத்தவனாட்டம் நிப்பான். எட்டாந்தேதி எவனாச்சும் கடை தொறப்பானா? எங்க வீதியில எட்டாம் நம்பரு வீட்டுக்காரன் ஏழு-ஏன்னு போர்டு மாட்டியிருக்கான், தபால்காரன் தலைய முட்டிக்கறான். அப்பேர்ப்பட்ட ஊர்ல, சீட்டுல மட்டும் எட்டு வந்தா மடியில வெச்சுக் கொஞ்சுவானா?

சும்மா சொல்லலைங்க, கவனிச்சேன். ஞாயித்துக்கெழமை ஆனாப் போதும், என்ற சீட்டப் பாக்கறத விட்டுட்டு ஆளுக மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன். கையில எட்டு வந்தா அவனவன் மூஞ்சி சுருங்கும், சீட்ட மடிச்சு அக்கட்டாலத் தள்ளீருவான். கொப்பரை யாவாரி ஒருத்தன் எட்டத் தொட்ட கையக் கழுவீட்டு வந்து உக்காந்தான், என் கண்ணால பாத்தேன். அப்பத்தான் எனக்குப் புடிபட்டுச்சு. தரையில எந்த ஜோடி விழுந்தாலும் பயப்படோணும், டாக்டரு சொன்னது சரி. ஆனா எட்டு ஜோடி விழுந்துச்சுன்னா பயமே வேண்டாம். எட்டை எவனும் தொடமாட்டான். வந்திருந்தாலும் அப்பவே மடிச்சுத் தூரப் போட்டிருப்பான். அப்ப என்ற ராஜாவுக்கு என்ன கொறைச்சல்?

இது நானே கண்டுபுடிச்சதுங்க. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை. வசந்தாமணிகிட்ட மட்டும் சொன்னேன். முழுசாக் கேட்டா. கேட்டுட்டு, "அந்த வெங்காயத்த உரிச்சுக் குடுங்க"ன்னா. பொம்பளைங்களுக்கு இந்த மாதிரி நுணுக்கமெல்லாம் ஏறாதுங்க.

பெருந்துறையா இது? ஆமா. எறங்கட்டும் எறங்கட்டும். ஏம்மா, கூடைய மண்டையில இடிக்காதீங்க. ம்... இப்பக் காலு நீட்டலாம்.

எங்க விட்டேன்? ஆட்டத்தன்னைக்கு. ஞாயித்துக்கெழமை மத்தியானம். மன்றத்துல உக்கார எடமில்லை, ஜன்னல்ல ஏறி நிக்கறாங்க. நடுவுல மேசை, இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் திருமூர்த்தி. டாக்டரு சீட்டுப் போடறாரு. காய் ரெண்டு பேருக்கும் சமம். யாருக்குக் காய் தீருதோ அவன் தோத்தான். சாயங்காலம் வரைக்கும் போகும்னு எல்லாருக்கும் நெனப்பு. போண்டாவுக்கு மாவு கரைச்சு வெச்சிருந்தாங்க. நான் புதுச் சட்டை. ஜெயிச்சதும் பேசறதுக்கு நாலு வார்த்தையும் தயாரு பண்ணீட்டுத்தான் வந்தேன்.

மொத ரெண்டு மூணு கை ஒன்னுமில்லை. அவன் சீட்டப் பாக்கறான், மடிக்கறான், பாக்கறான், மடிக்கறான். நான் நினைச்சுக்கிட்டேன், எட்டு எட்டா வருது பாவத்துக்கு.

அப்பறம் வந்துச்சுங்க. சீட்ட மெல்லமாத் தூக்கிப் பாக்கறேன். ஒரு ராஜா, இஸ்பேட். பக்கத்துல இன்னொரு ராஜா, ஆட்டின். காதுல நாதஸ்வரமே கேட்டுச்சு தம்பி! ஆனா மூஞ்சியில காட்டலை. நான் காட்டவே மாட்டேன். "எல்லாருக்கும் இன்னொரு டீ சொல்லுய்யா, என்ற கணக்கு"ன்னு மட்டும் சொன்னேன். எனக்கு நல்ல சீட்டு வந்தா மனசு தாராளமாயிரும். அது வெளிய யாருக்குத் தெரியப் போகுது? ஆனாப் பாருங்க, நான் டீ சொன்னதும் கூட்டத்துல நாலஞ்சு பேரு ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்சாங்க. டீன்னா அவ்வளவு சந்தோசம் எங்காளுகளுக்கு.

காய் வெச்சேன். திருமூர்த்தியும் வெச்சான். டாக்டரு மூணு சீட்ட விரிச்சாரு. எட்டு. எட்டு. மூணு.

தம்பி, சாமி நேர்ல வந்த மாதிரி இருந்துச்சு. உலகத்துல எத்தனை ஜோடி இருக்குது, அது எல்லாத்தையும் விட்டுட்டு எட்டு ஜோடி விழுகுது எனக்கு! டாக்டரு என்னையப் பாத்துத் தொண்டையக் கனைச்சாரு. பல் டாக்டருக்குத் தொண்டையில என்ன வேலை? நான் கண்டுக்கவே இல்ல. ஒரு குத்துக் காய எடுத்து வெச்சேன். அவன் "சரிங்ணா"ன்னு அதே அளவு வெச்சான்.

அடுத்த சீட்டு அஞ்சு. பிரயோசனமில்லாத சீட்டு. நான் இன்னும் கொஞ்சம் காய் வெச்சேன். இப்ப அவன் சும்மா இருக்கலைங்க. ரொம்ப நேரம் சீட்டையே பாத்தான். அப்பறம் நான் வெச்சதுக்கு ரெட்டிப்பா வெச்சான். வெக்கறப்பக் கை நடுங்குச்சு. எல்லாரும் பாத்தாங்க, நானும் பாத்தேன். பொய் சொல்றவனுக்குத்தானுங்களே கை நடுங்கும்? உள்ளத வெச்சிருக்கறவனுக்கு எதுக்கு நடுக்கம்? எனக்குச் சிரிப்பே வந்துருச்சு, அதே அளவு நானும் வெச்சேன். கடைசிச் சீட்டு பத்து. அதுவும் ஒன்னுக்கும் ஆகாது.

நான் எந்திரிச்சு நின்னேன். நின்னு, ரெண்டு கையாலயும் என்ற காய் அம்புட்டையும் நடுவுல தள்ளீட்டேன். நாலஞ்சு காய் உருண்டு கீழ விழுந்துச்சு, எடுத்து வெச்சாங்க.

திருமூர்த்தி வேர்த்து ஊத்தறான். "ங்ணா, அந்தக் காயத் திருப்பி எடுத்துக்குங்க"ங்கறான்.

"ஏன்டா?"

"எங்கிட்ட எட்டு இருக்குதுங்ணா."

நீங்களே சொல்லுங்க தம்பி, கையில எட்ட வெச்சுட்டு எவனாச்சும் எங்கிட்ட எட்டு இருக்குதும்பானா? திருட வந்தவன் கதவத் தட்டி, நான் திருடனுங்க, நகைய உள்ள வைங்கன்னு சொல்லுவானா? நான் கையக் கொட்டிச் சிரிச்சேன். டாக்டரு, "ரெண்டு பேருக்கும் சம்மதம்னாக் காயத் திருப்பி எடுத்துக்குங்க சார், நான் கண்ண மூடிக்கறேன்"னாரு. என்ன பேச்சுங்க அது? தெய்வசிகாமணி வெச்ச காயத் திருப்பி எடுத்ததா சரித்திரமே இல்லை. அப்படியே சொன்னேன்.

அவன் விடலை. "அப்ப நான் மடிச்சரட்டுங்களாங்ணா?"ங்கறான். பின்னாடி இருந்து அவங்க கோஷ்டி கத்துது, "டேய், மடிச்சே, கொன்னுபோடுவோம்"னு. நானும் விடலைங்க. எனக்கு அவன் பொய்ய ஊரே பாக்கோணும். "மடிச்சீன்னா நீ ஆம்பளையே இல்லடா! இருந்தாக் காட்டு! எட்டக் காட்டுடா பாக்கலாம்!"னு மேசையக் குத்துனேன்.

கண்ண மூடிட்டு அவன் காயத் தள்ளுனான். சீட்டத் திருப்புனான். ஒரு ஒம்போது. ஒரு எட்டு. கிளாவர் எட்டு.

அவனுக்கு மூணு எட்டு. எனக்கு ராஜா ஜோடி ஒன்னு, தரையில கெடந்த எட்டு ஜோடி ஒன்னு. மூணு, ஜோடியத் தின்னுருமுங்க. டாக்டரு ரெண்டு தடவ எண்ணிப் பாத்தாரு எனக்காக. தின்னுருச்சு. போண்டா மாவு இன்னும் எண்ணெய்க்குள்ள கூடப் போகலை, ஆட்டம் முடிஞ்சு போச்சு. அந்த நேரம் பாத்து டீ வருது. நான் சொன்ன டீ.

"ஏன்டா, எட்ட எப்புடிடா வெச்சிருந்தே?"ன்னேன். "அது என்ற நம்பருங்ணா. நான் இருவத்தாறாந்தேதி பொறந்தவன். ரெண்டும் ஆறும் எட்டு. எட்டு வந்தா மட்டும்தான் நான் ஆடறதே"ங்கறான்.

இது உங்களுக்குத் தெரியாதாங்கறீங்களா? தெரியுமுங்க. மன்றத்துல பொறந்தநாளு போர்டுல பேரும் தேதியும் எழுதறதே நாந்தான். அவன் குடுத்த மைசூர்பாக்குல ரெண்டு துண்டு சேத்து எடுத்தவனும் நாந்தான். ஆனாப் பொறந்தநாளு வேற, சீட்டு வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கக் கூடாதுங்க. என்ற கணக்குல தப்பே இல்லை. ஊர்ல எவனும் எட்டத் தொடமாட்டான், அது இன்னைக்கும் உண்மைதான். இவன் ஒருத்தன் விதிவிலக்கு. அந்த ஒருத்தனக் கொண்டாந்து என் எதிர்ல உக்கார வெச்சுட்டாங்க.

சாவிக்கொத்தக் கழட்டி மேசையில வெச்சேன். ரிமோட்டையும் வெச்சேன். ரிமோட்டப் பாத்ததும் கை தட்டுனாங்க தம்பி.

அடுத்த நாளு காலைல பழக்கத்துல எந்திரிச்சுக் குளிச்சு வெள்ளச்சட்டை போட்டுட்டேன். போட்டப்பறம்தான் தெரியுது, போறதுக்கு எடமில்லைன்னு. கடைக்குப் போனா, பையன் ஸ்டூலத் தொடச்சு ஓரமாப் போட்டு, "எதையும் தொடாம உக்காருங்கப்பா"ங்கறான். வீட்ல உக்காந்தா, வசந்தாமணி என்னைய நாற்காலியோட சேத்து நகத்தி வெச்சுக் கூட்டறா. மன்றத்துப் பக்கமா நடந்தேன். உள்ள ஃபேன் சுத்துது, ரெண்டே ரெண்டு பேருக்கு! டிவியில கிரிக்கெட். எல்லாரும் சிரிச்சுட்டு இருக்கறாங்க. நான் இல்லாமயும் அந்த எடம் நடக்குதுங்க, அதத்தான் என்னால தாங்க முடியலை. வீட்டுக்கு வந்து, பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நாளைக்கு நீங்க யாரோ நான் யாரோ.

இருங்க, இன்னும் முடியலை. இனிமேத்தான் விசயமே இருக்குது.

ரெண்டு வாரம் போயிருக்கும். திருமூர்த்தி வீட்டுக்கு வாரான், கையில ஆப்பிளு மாதுளைன்னு ஒரு பை. உக்காந்தான். உக்காந்து, அவன் ஆயுசுலயே பேசாத அளவுக்குப் பேசுனானுங்க. "ங்ணா, என்னால முடியலீங்ணா. கடையப் பாப்பனா, மன்றத்தப் பாப்பனா? பேப்பர்காரன் வாரான், கரண்ட்டுக்காரன் வாரான், ரெண்டு பேருக்குச் சண்டைன்னா எங்கிட்ட வாராங்க. எனக்குப் பேச வரலீங்ணா. எல்லார்கிட்டயும் கலந்துட்டேன். ரிமோட்டு மட்டும் மன்றத்துலயே இருக்கட்டும், ஞாயித்துக்கெழமை பேச்சச் சித்தெ சுருக்கிக்குங்க, மத்தபடி நீங்களே செகரட்டரியா இருங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க இல்லாம நல்லாவே இல்லைங்கறாங்க"ன்னான். சாவிக்கொத்த எடுத்து டீப்பாய் மேல வெச்சு, எம் பக்கமாத் தள்ளுனான்.

வசந்தாமணி சமையக்கட்டுல இருந்து ஓடி வந்து, "அதுக்கென்னங்க, தாராளமா இருப்பாரு! இப்பவே கூட்டீட்டுப் போங்க!"ங்கறா. அவளுக்கு அவ்வளவு சந்தோசம், எனக்குத் தெரியலை எதுக்குன்னு.

எனக்கும் ஆசை விடலை தம்பி. கை தானா நீண்டுச்சு. சாவியத் தொட இன்னும் இத்துணூண்டுதான். அப்பத்தான் டக்குனு டாக்டரு சொன்னது ஞாபகம் வந்துச்சு. எப்பவும் கம்முனு இருக்கற ஆளு தானா வந்து தள்ளறான்னா? வெச்சிருக்கான்! என்ன வெச்சிருக்கான்னு தெரியலை, ஆனா என்னமோ வெச்சிருக்கான். அன்னைக்கு நான் டாக்டரு பேச்சக் கேக்கலை, அழிஞ்சேன். இன்னொருக்காவும் ஏமாறுவனா? இந்தத் தடவ அவன் கையையும் பாத்தேனுங்க. நடுங்குச்சு.

மடிச்சுட்டேன். "வேண்டாம் திருமூர்த்தி, சாவிய எடுத்துட்டுப் போ"ன்னு நறுக்குனு சொல்லீட்டேன். அவன் மூஞ்சி செத்துப் போச்சு. போட்ட திட்டம் பலிக்காதவன் மூஞ்சி அப்படித்தானே ஆகும்? வாசப்படி வரைக்கும் போயி, திரும்பி வந்து, "நெசமாத்தான் சொல்றேனுங்ணா"ன்னான். நான் செவுத்தப் பாத்துட்டு நின்னேன். அப்பறம் போயிட்டான்.

வசந்தாமணி அந்தப் பழத்தையெல்லாம் ஒன்னு விடாமப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தா. அன்னையிலிருந்து எங்கிட்டப் பேச்சில்லை. சோறு போடறா, பேச்சில்லை. சரி, ஓசூருக்காச்சும் போயி நாலு நாளு இருந்துட்டு வரலாம்னு கெளம்பீட்டேன். மக, "எத்தனை நாளுப்பா இருப்பீங்க?"ன்னு கேட்டா. பிரியமாத்தான் கேட்டிருப்பா.

மனசு என்ன பண்ணுதுங்கறீங்களா? சாவி வேணும்னுதான் கெடந்து அடிச்சுக்குது. தூக்கத்துலயும் அதுதான். ஆனா ஜெயிச்சது நாந்தானுங்க. சரியான நேரத்துல மடிக்கறவன்தான் ஆட்டக்காரன்.

இருங்க, போன் அடிக்குது. எங்க வெச்சேன்... இந்தச் சட்டையில பையும் கிழிஞ்சு தொலைஞ்சிருக்குது. இதோ. பாத்தீங்களா? திருமூர்த்தி. பஸ் ஏறறப்ப ஒருக்கா அடிச்சான், எடுக்கலை. வசந்தாமணி சொல்லியிருப்பா, நான் ஊர விட்டுப் போறேன்னு.

எடுக்கச் சொல்றீங்களா? அட, நீங்க ஒன்னு. நல்ல மனசோட கூப்பிடறான்னு நீங்க நினைக்கறீங்க. அப்படிப் பாத்தா அன்னைக்கு எட்டு இருக்குதுன்னு அவன் சொன்னதையும் நான் நம்பியிருக்கோணும். நம்பியிருந்தா... காயத் திருப்பி எடுத்திருந்தா... இன்னைக்கும் நாந்தானே...

கட்டாயிருச்சுங்க.

பாத்தீங்களா? விட்டுட்டான். அவ்வளவுதான் அவன் பாசம். நெசமாவே கூப்பிடறவனா இருந்தா இன்னொருக்கா அடிப்பானா இல்லீங்களா? அடிப்பானுங்களே? ஒரு நிமிசம் தம்பி, சித்தெ பேசாம இருங்க. அந்த ஜன்னல மூடுங்க, காத்துச் சத்தத்துல ஒன்னும் கேக்க மாட்டேங்குது. இருங்க. அடிக்குதான்னு பாப்போம்.